காற்றாலை அடங்கும்போது ஏ.ஹெச்.யூ. ஃபேனும் கொஞ்சம் அடங்கட்டும்: பெரிய கட்டடங்களின் ஃபேனை வைத்துக் கிரிட்டுக்கு உதவும் வழி

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் சும்மா நிற்கிற காற்றாலைகள் மத்தியானத்துக்கு மேல் விடாமல் சுற்றும், அப்புறம் மேற்கே மேகம் கூடினால் ஒரு வரிசை சுற்றும், இன்னொரு வரிசை நிற்கும். தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, அதில் பெரும்பங்கு ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களை நம்பி நிற்பது. கணவாயில் காற்று எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை ஓரளவுக்குக் கணிக்கலாம், நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும். அனல்மின் நிலையம் செய்கிறது, அணை செய்கிறது, சில நேரம் காற்றாலையையே நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். நன்றாகக் காற்று வீசும்போது காற்றாலையை நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இந்த ஈடுகட்டும் வேலையில் ஒரு சின்னப் பங்கை நம் ஊர் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, காலேஜ், ஐ.டி. கட்டடங்களின் ஏ.சி. ஃபேன்கள், அதாவது குளிர்ந்த காற்றை டக்ட் என்கிற குழாய் வழியே அறைகளுக்குத் தள்ளும் ஏ.ஹெச்.யூ. பெட்டியின் ஃபேன்கள், செய்ய முடியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலே செய்ய முடியும். எப்படி என்று, கட்டட மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அண்ணாச்சிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், 50 ஹெர்ட்ஸ் என்றால் என்ன

கிரிட், அதாவது நாடு முழுக்கப் பின்னியிருக்கிற மின்வலை, ஒரு தராசு. ஒரு தட்டில் உற்பத்தி, இன்னொன்றில் செலவு. செலவு கூடினால் ஹெர்ட்ஸ் (கரண்ட் ஒரு விநாடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கு) 50-க்குக் கீழே இறங்கும், உற்பத்தி கூடினால் மேலே ஏறும். நம் நாட்டு கிரிட் விதிப்படி அது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தென்னக கிரிட்டை மற்ற கிரிட்டோடு இணைத்தார்கள். அதிலிருந்து நெல்லை வண்ணார்பேட்டைக் கடையின் பிளக்கில் இருக்கிற ஹெர்ட்ஸும் டெல்லியில் ஒரு வீட்டு பிளக்கில் இருக்கிற ஹெர்ட்ஸும் ஒன்றுதான். அதாவது கிரிட்டுக்கு இப்போது உதவி வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் சுவர் பிளக்கே சொல்லிவிடும், யாரையும் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. 0.01 ஹெர்ட்ஸ் வரை காட்டுகிற ஒரு மீட்டர் போதும்.

தட்டு எவ்வளவு வேகமாகச் சாயும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்தோமே, அன்று நாடு முழுக்கச் சில நிமிடங்களுக்குள் சுமார் 31,000 மெகாவாட் லோடு இறங்கியது. அதைத் தாங்கிப் பிடித்ததில் பெரிய பங்கு நீர்மின் நிலையங்களுக்கு, தண்ணீரைத் திறந்து மூடினால் உற்பத்தி உடனே மாறும் என்பதால். ஆனால் நம் பாபநாசம் மின் நிலையம் 32 மெகாவாட், அந்தத் தண்ணீரும் தாமிரபரணிப் பாசனத்துக்குக் கட்டுப்பட்டது. கரண்டுக்காக நினைத்த நேரத்தில் திறந்து மூட வயல்காரர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பக்கத்தில் கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு யூனிட் ஓடுகிறது, அணு உலையை நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றி இறக்க மாட்டார்கள். ஆகவே வேகமாக ஏறி இறங்கக்கூடிய பொருளை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஏன் ஃபேன்

ஏ.சி. என்றதும் எல்லோரும் கம்ப்ரசரைத்தான் நினைப்பார்கள், கரண்ட் அதிகம் குடிப்பது அதுதானே. ஆனால் கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் சீக்கிரம் கெட்டுப்போகும், நிறுத்தியதும் மறுபடி ஓட சில நிமிடம் காத்திருக்கவும் வேண்டும், அதற்கென்றே உள்ளே டைமர் வைத்திருப்பார்கள். ஃபேன் அப்படி இல்லை. ஏ.ஹெச்.யூ. ஃபேனுக்கு வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்தால் சில விநாடிகளில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நாள் பூராவும் செய்தாலும் மோட்டாருக்குப் பெரிய கேடு கிடையாது.

ஃபேனுக்கு இன்னொரு குணமும் உண்டு. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கரண்ட் நிறையக் குறையும், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால். டிரைவ் கொடுக்கும் ஹெர்ட்ஸை 50-லிருந்து 45-க்குக் கொண்டுவந்தால் வேகம் பத்து சதவீதம்தான் குறைகிறது, கரண்ட் 27 சதவீதம் குறைகிறது. 40-க்கு வந்தால் கிட்டத்தட்டப் பாதி. டக்டில் நிலையான அழுத்தம் வைத்துக் கட்டுப்படுத்தும் கட்டடங்களில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, குறைச்சல் இன்னும் சிறியதாகத்தான் இருக்கும். அதனால்தான் பின்னால் சொல்லப்போகிற அளவெடுப்பு வேலையைத் தவிர்க்க வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது, கட்டடத்தின் கனம். தரை, சுவர், தூண், அடுக்கி வைத்த துணி எல்லாம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நிமிடம் காற்று கொஞ்சம் குறைந்து அடுத்த இரண்டு மூன்று நிமிடம் கொஞ்சம் கூடினால் அறையின் டிகிரி அசையாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கள் பியூ ஹால் கட்டடத்து ஃபேனை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். எட்டு விநாடிக்கும் மூன்று நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஏற்ற இறக்கத்தில், ஃபேனின் முழுத் திறனில் 15 சதவீதம் வரை கிரிட்டுக்காக ஆட்டலாம், உள்ளே வெப்பநிலை மாற்றம் கவனிக்கும் அளவுக்கு இருக்காது என்பதுதான் அவர்கள் கம்ப்யூட்டர் மாதிரிக் கணக்கில் கண்டது.

இங்கே பலர் யோசிக்காத விஷயம் ஒன்று. டிரைவ் இல்லாமல் நேரடியாக லைனில் ஓடும் பழைய மோட்டார், கிரிட் ஹெர்ட்ஸ் இறங்கினால் தானும் கொஞ்சம் மெதுவாகி, லோடை இயல்பாகவே குறைத்து கிரிட்டுக்கு உதவிக்கொண்டிருந்தது. வி.எஃப்.டி. போட்டதும் அந்த உதவி நின்றுபோகிறது, லைன் எப்படிப் போனாலும் டிரைவ் தன் வேகத்தை விடாது. யூனிட் மிச்சமாகிறது என்று ஊர் முழுக்க டிரைவ் மாட்டுகிறோம், மாட்டவும் வேண்டும். ஆனால் அதோடு கிரிட்டிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அதைத் திருப்பிக் கொடுக்கிற வேலைதான் இது. எனக்கு இது கடமை மாதிரி தோன்றுவது அதனால்தான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுங்கள். ஒவ்வொரு ஏ.ஹெச்.யூ. அறையிலும் மோட்டாரின் தகட்டில் இருக்கிற கிலோவாட், டிரைவ் உண்டா, அது எந்தப் பகுதிக்குக் காற்று கொடுக்கிறது, எத்தனை மணிக்கு ஓடி எத்தனை மணிக்கு நிற்கிறது, டிரைவுக்கு வேகம் சொல்வது யார் (பி.எம்.எஸ். என்கிற கட்டடக் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர், தெர்மோஸ்டாட், இல்லை யாரோ என்றைக்கோ திருகி விட்ட நாப்) என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் நம் பக்கம் அதிகம். டிரைவ் இருக்கும், காசு போட்டு வாங்கியிருப்பார்கள், ஆனால் 50-லேயே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

தொடக்கூடாதவை: ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ., தொற்று நோயாளி அறை, லேப், மருந்து வைக்கும் இடம். அங்கே காற்றின் அளவும் அழுத்தமும் உயிர் சம்பந்தப்பட்டது, அரை ஹெர்ட்ஸ்கூட ஆட்டாதீர்கள். அதேபோல் தீ விபத்தில் புகையை வெளியேற்றும் ஃபேன், மாடிப்படிக்கு அழுத்தம் கொடுக்கும் ஃபேன், கிச்சன் எக்ஸாஸ்ட், சர்வர் ரூம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிகள் மாதிரி பெரிய இடமாக இருந்தால் ஓ.பி. ஹால், வரவேற்புப் பகுதி, ஆபீஸ் மாடி, கேன்டீன் உட்காரும் இடம் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

டக்டபிள் ஸ்பிளிட், கேசட் ஏ.சி. மட்டும் இருக்கும் கடைகள் டவுனில் நிறைய. அவற்றில் காற்றைக் குறைத்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டும், கம்ப்ரசருக்குக் கேடு. அந்த ஃபேனை விட்டுவிட்டு ஃப்ரெஷ் ஏர் ஃபேனையும் பேஸ்மென்ட் பார்க்கிங் ஃபேனையும் பாருங்கள். பார்க்கிங் ஃபேன் நல்ல ஆள்: கார்பன் மோனாக்சைடு சென்சார் மட்டும் ஒழுங்காக இருந்தால், வண்டி வராத நேரத்தில் அதை நன்றாகவே ஆட்டலாம்.

அளவெடுக்கும் வேலை

இந்த வேலையில் பாதி இதுதான், பலரும் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு எனர்ஜி மீட்டர் மாட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவை பதிகிறமாதிரி வைத்து, குறைந்தது ஒரு வாரம் எதுவும் செய்யாமல் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேறு, புதன்கிழமைக் கூட்டம் வேறு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பட்டுச்சேலை மாடி வேறு. இந்தப் பதிவு இல்லாவிட்டால் பிற்பாடு நீங்கள் குறைத்தது எவ்வளவு என்று யாரிடமும் காட்ட முடியாது.

அப்புறம் வேக அட்டவணை. டிரைவை 50, 47, 45, 42, 40 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி, கிலோவாட், டக்ட் அழுத்தம், ஏ.ஹெச்.யூ.வுக்கு மிகத் தொலைவில் இருக்கும் மூலையில் காற்று வருகிறதா, அங்கே எத்தனை டிகிரி, எல்லாம் குறியுங்கள். சில வேகத்தில் டக்ட் அதிரும், பெல்ட் கத்தும். அந்த ஹெர்ட்ஸை டிரைவிலேயே தாண்டிப் போகச் சொல்லி செட் பண்ணலாம். தொலைவு மூலையில் காற்று நின்றுபோகிற வேகம் எதுவோ, அதற்கு இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் மேலே உங்கள் கீழ் எல்லை.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை இப்போது அவ்வளவு இல்லை. கூட்டம் இருக்கும் நேரத்தில் உள்ளே 1,000 பி.பி.எம். தாண்டினால் காற்று போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே 1,200 காட்டுகிற கட்டடமென்றால் கிரிட்டுக்கு உதவுவதை ஒதுக்கி வையுங்கள். முதலில் உள்ளே இருக்கிற மனுஷர்களுக்கு மூச்சுக்காற்று கொடுங்கள்.

ஃபேனை எங்கே நிறுத்தி, எவ்வளவு ஆட்டுவது

50-ல் ஓடும் ஃபேனால் கீழே மட்டும்தான் இறங்க முடியும். கிரிட்டுக்கு இரண்டும் வேண்டும், காற்று அடங்கினால் லோடு குறைய வேண்டும், காற்று பிய்த்துக்கொண்டு வீசினால் லோடு கூட வேண்டும். அதனால் வழக்கமான ஓட்டத்தையே நடுவில் வையுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 50-ல் 7.5 கிலோவாட் இழுக்கும் ஃபேன் ஒன்று. 44-ல் ஓட்டினால் சுமார் 5.1 கிலோவாட். 47-க்கு ஏற்றினால் 6.2, 40.5-க்கு இறக்கினால் 4.0. அதாவது இரண்டு பக்கமும் 1.1 கிலோவாட், முழுத் திறனில் 15 சதவீதம். சும்மா 50-லிருந்து 44-க்கு வந்ததிலேயே மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம், அது கிரிட் உதவியில் சேராது, கடைக்காரருக்கு நேரே லாபம். அண்ணாச்சிகளிடம் பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"கடைக்குள்ள புழுங்குச்சுன்னா யாவாரம் படுத்துரும்லா தம்பி?"

"புழுங்காது அண்ணாச்சி. ஒரு டிகிரி கூடுனா அதுவே பழையபடி ஓட ஆரம்பிச்சிரும். ஒரு மாடியில மட்டும் ஒரு மாசம் ஓட்டிக் காட்டுதேன், நீங்களே அங்க உக்காந்து பாருங்க."

ஒரு மாடியில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்தும். முழுக் கட்டடத்தையும் ஒரே நாளில் இதற்கு மாற்ற வேண்டாம்.

டிரைவுக்கு என்ன சொல்வது

ஹெர்ட்ஸ் மீட்டரிலிருந்து படித்து டிரைவுக்கு வேகம் சொல்ல ஒரு சின்ன கன்ட்ரோலர் வேண்டும். பி.எம்.எஸ். இருந்தால் அதிலேயே எழுதலாம், இல்லையென்றால் ஒரு சின்ன பி.எல்.சி. (புரோகிராம் எழுதி வைக்கும் கன்ட்ரோல் பெட்டி), டிரைவோடு மோட்பஸ் என்கிற தகவல் வயரில் பேசும்படி. இனி இரண்டு ஹெர்ட்ஸ் வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள்: லைனில் இருப்பது ஒன்று, டிரைவ் ஃபேனுக்குக் கொடுப்பது இன்னொன்று.

விதி இப்படி வைக்கலாம். லைன் 49.97-க்கும் 50.03-க்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யாதே, 44-லேயே ஓட்டு. 49.97-க்குக் கீழே ஒவ்வொரு 0.01-க்கும் ஃபேனை 0.5 குறை. லைன் 49.90 தொடும்போது ஃபேன் 40.5-ல் இருக்கும், அதற்குக் கீழே போகாதே. 50.03-க்கு மேலே ஒவ்வொரு 0.01-க்கும் 0.4 கூட்டு, 47-ஐத் தாண்டாதே. இந்த எண்கள் மேலே சொன்ன ஃபேனுக்கு. உங்கள் ஃபேனின் அட்டவணையைப் பார்த்து உங்கள் எண்ணைப் போடுங்கள்.

இதோடு விட்டால் ஒரு சிக்கல் வரும். லைன் சில நேரம் 49.92-லேயே கால் மணி நேரம் கிடக்கும், அப்போது ஃபேனும் அவ்வளவு நேரம் கீழேயே கிடந்தால் அறை சூடாகத்தான் செய்யும். அதனால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே பக்கம் நின்றால், அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்ல மெல்ல 44-க்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதுங்கள். வேகமான ஆட்டத்தை ஃபேன் பார்த்துக்கொள்ளும், நீண்ட நேரச் சரிவை அனல் நிலையமும் அணையும் பார்த்துக்கொள்ளும், அவற்றால் அது முடியும். இந்த வேலைப் பங்கீடு புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் எளிது.

இன்னொரு சண்டை கட்டடத்துக்குள்ளேயே நடக்கும். நீங்கள் ஃபேனைக் குறைப்பீர்கள், அறைக் கதகதப்பைப் பார்த்து தெர்மோஸ்டாட் அதைக் கூட்டச் சொல்லும், அல்லது டேம்பர்கள் (டக்டில் காற்றை அடைத்துத் திறக்கும் மடல்கள்) திறந்துகொள்ளும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அது சொல்லும் வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் மேல் உங்கள் கூட்டல் கழித்தலைச் சேருங்கள். தெர்மோஸ்டாட் நிமிடக் கணக்கில் மெதுவாகத்தான் பேசும், உங்கள் ஆட்டம் விநாடிக் கணக்கில் இருக்கும், சராசரியில் பூஜ்யமாகவும் இருக்கும். ஆகவே இரண்டும் மோதாமல் ஓடும். நிலையான டக்ட் அழுத்தத்தில் ஓடும் கட்டடமானால் அழுத்தத்தின் செட் பாயின்டை (இவ்வளவு இருக்க வேண்டும் என்று வைத்த அளவை) ஆட்டலாம், ஆனால் நேராக வேகத்தை ஆட்டுவதைவிட அது மெதுவாகவே பலன் தரும்.

டிரைவில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் 20, 30 விநாடி வையுங்கள். சட்டென்று இறக்கினால் கனமான ஃபேன் சுற்றும் வேகத்தில் டிரைவுக்குள் வோல்டேஜ் ஏறி டிரிப் ஆகும். கன்ட்ரோலர் செத்தாலோ வயர் அறுந்தாலோ ஃபேன் தானாகப் பழைய ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பேனலில் ஒரு லோக்கல் ஸ்விட்ச் கட்டாயம் வையுங்கள், இரவு டியூட்டி ஆள் யாரையும் கேட்காமல் திருப்பி எல்லாவற்றையும் விடுவிக்க முடிய வேண்டும். தீ அலாரம் அடித்த அந்த நொடியே இந்த விதி மொத்தமும் ஒதுங்கிவிட வேண்டும், இதில் பேச்சே கிடையாது.

எப்போது தானாக விட்டுவிட வேண்டும் என்பதற்கு நான் வைக்கச் சொல்வது: அறை செட் பண்ணியதைவிட 1 டிகிரி கூடினால், கார்பன் டை ஆக்சைடு 1,000 தாண்டினால், ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால். கடைசியாகச் சொன்னது சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கத்து ஹோட்டல்களுக்கு முக்கியம். வெளிக்காற்றே நசநசவென்று இருக்கும், அப்போது ஃப்ரெஷ் ஏர் ஃபேனை மேலே ஆட்டினால் வெளி ஈரத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும், அங்கே கீழ் நோக்கிய ஆட்டம் மட்டும் போதும். சித்திரை வைகாசி நெல்லை வெயில் வறண்டது, அப்போது ஈரப்பதம் பிரச்சினை இல்லை, வெப்பம்தான்.

உச்ச நேரம்

இதுவரை சொன்னது விநாடி, நிமிட வேலை. மணிக்கணக்கு வேலை ஒன்றும் இருக்கிறது, சாயங்கால உச்ச நேரம். சோலார் இறங்கி, வீட்டு விளக்கெல்லாம் எரியும் நேரம் கிரிட்டுக்கு நெருக்கடி. ஹெச்.டி. சர்வீஸ் (உயர் அழுத்த மின் இணைப்பு) வைத்திருப்பவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், உச்ச நேரத்து யூனிட் தனியாக இருக்கும்.

ஐ.டி. ஆபீஸ், காலேஜ், பேங்க் கட்டடங்களுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். உச்ச நேரத்துக்கு முந்தின ஒரு மணி நேரம் கட்டடத்தை ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர வைத்துவிட்டு, அப்புறம் ஃபேனை அரை மணி நேரம் கீழே ஓட்டலாம். ஏ.ஹெச்.யூ.வில் காற்று குறைந்தால் குளிர்நீர் வால்வு மூடும், சில நிமிடம் கழித்து, அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரின் லோடும் இறங்கும், அது கூடுதல் லாபம். ஜவுளிக்கடைக்கு ஆறு மணிக்கு மேல்தான் கூட்டமே வரும், அவர்களிடம் இதைக் கேட்காதீர்கள். அவர்கள் நிமிட ஆட்டத்தோடு நிற்கட்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. குளிர வைக்கும் நேரத்தில் எல்லா ஃபேனும் சில்லரும் ஒன்றாக ஏறி அந்த மாதத்து மேக்சிமம் டிமாண்டை (ஒரே நேரத்தில் இழுத்த மிக அதிக லோடை) தாண்டவிட்டால், யூனிட்டில் மிச்சம் பிடித்தது கே.வி.ஏ. கட்டணத்தில் போய்விடும். அதேபோல் அரை மணி முடிந்து திரும்பும்போது ஏ.ஹெச்.யூ.க்களை ஐந்து ஐந்து நிமிடம் தள்ளித் தள்ளி ஏற்றுங்கள். எல்லாக் கட்டடமும் ஒரே நொடியில் திரும்பினால் நாம் காப்பாற்ற வந்த கிரிட்டுக்கே அது அடியாகும்.

நாள் முழுவதற்குமான யூனிட்டையும் கூட்டிப் பாருங்கள். ஃபேனைக் கொஞ்ச நேரம் குறைத்துப் பிறகு கூட்டியபோது, விட்டுக்கொடுத்ததைவிட அதிகமாகக் கட்டடம் திரும்ப எடுத்துக்கொண்டது என்று சில சோதனைகளில் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக் குறைச்சலைக் காட்டி மகிழ்வது சரியான கணக்கு ஆகாது.

தனிக் கட்டடத்திலிருந்து கூட்டுக்கு

எட்டு ஃபேன், ஒவ்வொன்றும் 7.5 கிலோவாட் என்று வைத்தால் கடைக்கு 60 கிலோவாட், அதில் 15 சதவீதம் 9 கிலோவாட். சின்னதுதான். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் கொண்டுவந்த துணைச் சேவை (கிரிட்டின் ஹெர்ட்ஸைச் சரியாக வைக்க உதவும் சேவை) விதிகளில், லோடைக் குறைத்துக் கூட்டி உதவுகிறவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், பல பேர் ஒன்றுசேர்ந்தும் வரலாம். ஆனால் குறைந்தது 1 மெகாவாட் வேண்டும், சொன்ன 30 விநாடிக்குள் அசையத் தொடங்க வேண்டும், 15 நிமிடத்துக்குள் முழு அளவும் கொடுத்து, மேலும் 30 நிமிடம் தாங்க வேண்டும். மேலே சொன்ன கடை மாதிரி நூற்றுப் பத்துக்கு மேல் சேர்ந்தால்தான் 1 மெகாவாட். தாங்கும் நேரத்தையும் பாருங்கள், நிமிட ஆட்டம் மட்டும் அதற்குப் போதாது, உச்ச நேரத்து முறையையும் சேர்த்து, கட்டடங்களை முறை வைத்து மாற்றி மாற்றி இறக்கினால்தான் முடியும்.

அதனால் தனித்தனிக் கடையாக யோசிக்காமல், கங்கைகொண்டான் சிப்காட், ஐ.டி. பூங்கா, பாளையங்கோட்டையின் காலேஜ்கள், பைபாஸ் ரோட்டின் பெரிய கடைகள், ஆஸ்பத்திரிகளின் ஓ.பி. கட்டடங்கள் என்று கூட்டாக யோசிக்க வேண்டும். வணிகர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தடவை எடுத்து வையுங்கள். போகும்போது கையில் இருக்க வேண்டியது உங்கள் ஒரு மாடியின் ஒரு மாதப் பதிவு: ஃபேன் கிலோவாட், லைன் ஹெர்ட்ஸ், அறை டிகிரி, கார்பன் டை ஆக்சைடு, நான்கும் ஒரே காகிதத்தில், நிமிட நிமிடமாக. காற்றுக் காலம் முடிவதற்குள் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை வந்த பிறகு எடுத்தால் காற்றும் இருக்காது, கட்டடத்துக்கு அவ்வளவு ஏ.சி.யும் தேவைப்படாது.

பழைய கட்டடத்தில் டிரைவே இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டாம், அதிக மணி நேரம் ஓடும் மிகப் பெரிய ஃபேன் இரண்டுக்கு மட்டும் முதலில் போடுங்கள். வாங்கும்போது மோட்பஸ் போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகு வேக அட்டவணையை எடுங்கள், அழுக்கு ஃபில்டரோடு எடுத்த அட்டவணை அடுத்த மாதம் பொருந்தாது.